பொருத்துகள் தாங்கும் வீடு

ஒரு வீட்டைத் தாங்குவது எது என்று கேட்டால் பலர் அத்திவாரம் என்பார்கள். சிலர் சுவர் என்பார்கள். ஓடாவியின் மகளாகிய நான் பொருத்து என்று சொல்வேன்.

இங்கிலாந்தில் வசிக்கும் என் சாச்சி, சசெக்ஸ் பகுதியில் சிங்கிள்டன் கிராமத்தருகே உள்ள திறந்தவெளி நூதனசாலையைப் பார்க்கச் சென்றபோது சில படங்களை அனுப்பினார். அவற்றில் ஒன்று 'பேலீஃப்' என்னும் பண்ணை வீடு. அதன் மண்டபம் 1405க்கும் 1430க்கும் இடையில் கட்டப்பட்டது. மரத்தின் வளையங்களை ஆராய்ந்து கணித்த காலம் இது.

இவ்வீட்டின் எலும்புக்கூடு முழுவதும் ஓக் மரம். பச்சை மரமாக இருக்கும்போதே அதைச் செதுக்கினார்கள். ஒரு மரத்தின் நுனியை நாக்குப்போல வெட்டி, மற்றைய மரத்தின் துளைக்குள் நுழைத்து, குறுக்கே மர ஆணி அடித்தார்கள். மரம் காயக் காயப் பொருத்து இறுகியது. சுவரின் வேலை காற்றை மறைப்பது மட்டுமே. தூண்களுக்கு இடையே வரிச்சு கட்டிக் களிமண், வைக்கோல், சாணம் குழைத்துப் பூசினார்கள்.

உள்ளே, கூரை வரை திறந்த மண்டபம். நடுவே தரையில் அடுப்பு. புகைபோக்கி இல்லை, புகை மேலெழுந்து கூரை வழியே வெளியேறியது. ஜன்னல்களில் கண்ணாடியும் இல்லை, மரக் கதவுகளே இருந்தன.

இந்த வீடு முதலில் நின்ற இடம் கென்ட் பகுதியின் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே பௌ பீச் நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது, அது நீரில் மூழ்க வேண்டியதாயிற்று. ஆனால் பொருத்திய மரங்களைக் கழற்றவும் முடியும் அல்லவா? 1968, 1969ஆம் ஆண்டுகளில் அதைப் பிரித்தெடுத்து, பழுதான பாகங்களைச் சீர்செய்து, 1972இல் சிங்கிள்டனில் மீண்டும் நிமிர்த்தினார்கள். சீமெந்தால் இறுக்கிய வீடாக இருந்தால் உடைந்த கல்தான் மிஞ்சியிருக்கும்.

படத்தை வாப்பாவிடம் காட்டினேன். வீட்டின் அழகை அவர் பார்க்கவில்லை. மரங்கள் சேரும் மூலையை விரலால் பெரிதாக்கி, நெடுநேரம் பார்த்தார்.

"இரும்பாணி ஒண்டுமில்ல மகள். அளந்து வெட்டினவன் கெட்டிக்காரன்" என்றார்.

வாப்பாவுக்கு இப்போது வேலை குறைவு. ஊரெங்கும் அலுமினிய ஜன்னல்கள் வந்துவிட்டன. "படிப்பு ஏறாதவன் செய்யும் தொழில்" என்று சிலர் சொல்வதும் என் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் கோணம் ஒரு நூல் பிசகினாலும் கூரை நிற்காது. மரம் எவ்வளவு சுருங்கும், எந்தப் பக்கம் வளையும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இது கணிதமும் விஞ்ஞானமும் இல்லையென்றால் வேறென்ன?

ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் அந்த ஓக் மரத்தைச் செதுக்கியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களின் கைவேலையோ இன்னும் கூரையைத் தாங்கி நிற்கிறது.

உயர்தரத்தில் நான் தொழில்நுட்பப் பிரிவைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். "பெண் பிள்ளைக்கு ஏன் இது?" என்று கேட்பவர்களும் உண்டு. வாப்பா கேட்கவில்லை. தன் மூலைமட்டத்தைத் துடைத்து என் மேசையில் வைத்தார். பெற்றோரே, உங்கள் கைகளில் ஒரு தொழில் இருந்தால், அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுங்கள். ஏட்டில் இல்லாத பாடங்கள் அதில் நிறைய உண்டு.