அப்பா தூங்கும் நேரம்

அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை. காலை எட்டரைக்கு வீடு திரும்பி, நாலு இட்லி சாப்பிட்டுப் படுத்தால் மதியம் மூன்று மணி வரை தூக்கம். வீடு என்பது ஒரே அறை, பின்னால் சின்னதாக ஒரு அடுப்படி. அந்தத் தூக்கத்துக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்பது, அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம்.

மகள் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். 2022 ஜூலை 24-ம் தேதி தேர்வு. கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணம் இல்லை. யூடியூபில் இலவசமாக நடத்தும் வகுப்புகள்தான் கதி. கையில் இருந்ததோ செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2012-ம் வருஷத்து லேப்டாப். வீடியோ ஓடத் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் அதன் ஃபேன் கத்த ஆரம்பிக்கும். பாடத்தின் சத்தத்தை ஹெட்போனுக்குள் அடக்கிவிடலாம். ஃபேனை எதற்குள் அடக்குவது? அப்பா புரண்டு படுப்பார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றும்.

அதனால் மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு பாய். அங்கே பிளக் பாயின்ட் கிடையாது. ஒரு வகுப்பு முடிவதற்குள் பேட்டரி படுத்துவிடும். மார்ச் பிறந்ததும் தொட்டி நிழலும் சுட ஆரம்பித்தது.

"பேட்டரி செத்துப்போச்சும்மா, மாத்திடுங்க" என்றார் கடைக்காரர். 2,400 ரூபாய். அம்மா பேண்டேஜ் துணித் தறிக்குப் போகிறவள். சீட்டுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். புது பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, பழையது உண்மையிலேயே தேய்ந்துதான் போயிருந்தது. ஆனால் ஃபேன் கத்துவது மட்டும் நிற்கவில்லை. "இப்ப நல்லா இருக்காடி?" என்று அம்மா கேட்டபோது, "சூப்பரா இருக்கும்மா" என்று பொய் சொன்னாள்.

அதன் பிறகுதான் ஒன்றைக் கவனித்தாள். பி.டி.எஃப். புத்தகத்தை எத்தனை மணி நேரம் படித்தாலும் ஃபேன் வாயைத் திறப்பதில்லை. வீடியோ போட்டால் மட்டுமே கத்தல். சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் பள்ளித் தோழியிடம் போனில் சொன்னாள். "டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சி.பி.யூ. எவ்வளவுன்னு பாரு" என்றாள் தோழி. எழுபது சதவிகிதத்துக்கு மேல் காட்டியது. கரும்பலகையில் ஒருவர் பாடம் நடத்துவதைப் பார்க்க இத்தனை பாடு!

விஷயம் இதுதான். வீடியோ நெட்டில் வரும்போது சுருட்டி மடித்துத்தான் வருகிறது. ஒரு விநாடிக்கு 25, 30 படங்களை விரித்துக் காட்ட வேண்டும். அந்த வேலைக்கென்றே கிராபிக்ஸ் பகுதியில் தனியாக ஒரு சர்க்யூட் உண்டு. அதற்கு வேறெதுவும் தெரியாது, ஆனால் இதைக் கொஞ்சம் கரண்டில் முடித்துவிடும். அதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் பொதுவான சி.பி.யூ. தலையில் கட்டினால், வீட்டில் கிரைண்டரை வைத்துக்கொண்டு ஆட்டுக்கல்லில் மாவாட்டிய கதைதான். சூடு, ஃபேன் சத்தம், பேட்டரி காலி.

பிரௌசர் செட்டிங்ஸில் 'ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன்' அணைந்திருந்தது. திரை மினுக்கினால் சிலர் அதை அணைத்துவைப்பதுண்டு. முன்பு வைத்திருந்தவர் செய்ததாக இருக்கும். ஆன் செய்து, பிரௌசரை மூடித் திறந்தாள். ஃபேன் அதேபோலக் கத்தியது. அன்று இரவு அவள் கொஞ்சம் அழுதாள்.

மறுநாள் தோழியே கூப்பிட்டாள். வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து, 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தொட்டால், எந்த வடிவத்தில் வீடியோ வருகிறது என்று தெரியும். வி.பி.9 என்று இருந்தது. அது 2013-ல் வந்த வடிவம். 2012-ம் வருஷத்து சிப்புக்கு அது எப்படித் தெரியும்? அதற்குத் தெரிந்தது 2003-லிருந்து இருக்கும் எச்.264. இன்டெல் சிப்களில் வி.பி.9 முழுமையாகச் சேர்ந்தது 2016-ல் வந்த ஏழாம் தலைமுறையில்தான். ஏ.வி.1 என்ற இன்னும் புதிய வடிவத்துக்கு 2020-ல் வந்த பதினொன்றாம் தலைமுறை வேண்டும். பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் ரேம் எத்தனை என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள், இதையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

யூடியூபிடம் எச்.264-ஐ மட்டும் கேட்டு வாங்கும் சின்ன எக்ஸ்டென்ஷன் ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. அதைச் சேர்த்ததும் சி.பி.யூ. இருபதுக்குக் கீழே இறங்கியது. அவள் லேப்டாப் பேட்டரி 48 வாட்-ஹவர். 25 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம்கூட வராது. 13 வாட் என்றால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும். திரை வெளிச்சத்தைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம்.

சும்மா கிடைத்ததில்லை இது. அதே தரத்துக்கு எச்.264 அதிக டேட்டா தின்னும். போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி.தான். அதனால் 480-ல் வைத்துப் பார்த்தாள். போர்டில் எழுதுவது அதிலேயே தெரிந்தது, வரைபடம் வரும்போது மட்டும் 720.

ஏப்ரலில் ஒரு நாள், வெயிலுக்குப் பயந்து கீழேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா கட்டிலில், அவள் சுவரோரமாகத் தரையில். அரசியலமைப்பின் மூன்றாம் பகுதி, அடிப்படை உரிமைகள். ஒன்றரை மணி போல அப்பா கண் விழித்தார்.

"ஏம் பாப்பா, இன்னைக்குப் படிக்கலையா?"

"படிச்சிட்டுத்தாம்பா இருக்கேன்" என்று திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, மறுபடியும் தூங்கிப்போனார்.