ஜஹாங்கீர் அமர்ந்திருக்கும் மணற்கடிகை

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் உருவப்படங்களுள் மிகுதியாகப் பேசப்படுவது, ஓவியர் பிசித்திர் ஏறத்தாழ 1615-1618 காலத்தில் தீட்டிய சிற்றோவியம். இன்று அது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஃப்ரீர் கலைக்கூடத்தில் உள்ளது. 'அரசர்களைவிட சூஃபி ஞானியைத் தேரும் ஜஹாங்கீர்' என்பது கலை வரலாற்று நூல்கள் அதற்கு இட்டு வழங்கும் தலைப்பு. வகுப்பறைகளில் பெரும்பாலும் இந்தத் தலைப்பே படத்தின் பொருளுரையாகவும் ஆகிவிடுகிறது. மண்ணாளும் மன்னர்களை ஒதுக்கி ஞானியை நாடிய பேரரசர் என்ற ஒற்றை வரியோடு பாடம் முடிகிறது. படத்தின் அமைப்போ அந்த வரிக்கு முழுமையாக உடன்படவில்லை.

வலப்பக்கம், மணற்கடிகை ஒன்றையே அரியணையாகக் கொண்டு ஜஹாங்கீர் அமர்ந்திருக்கிறார். இடப்பக்கம் நால்வர் மேலிருந்து கீழாக நிற்கின்றனர். முதலில் வெண்தாடியுடன் அஜ்மீர் தர்காவின் ஷேக் ஹுசைன். அவருக்குக் கீழே ஓர் உதுமானிய சுல்தான். அடுத்து இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ். கடைசியாக, கையில் ஒரு சிறு ஓவியத்துடன் பிசித்திர். பேரரசர் ஷேக்கிடம் ஒரு நூலை நீட்டுகிறார். அந்நூலை ஷேக் வெறுங்கையால் வாங்கவில்லை. இரு கைகளிலும் துணியை விரித்து ஏந்துகிறார்.

தலைப்பு சொல்லும் செய்தி இந்த அடுக்கில் இருக்கிறது என்பது உண்மையே. அரசர் இருவரும் ஞானிக்குக் கீழேதான் நிற்கின்றனர். ஆனால் ஞானியும் பேரரசருக்குக் கீழேதான் நிற்கிறார். பாரசீக எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. அந்த எழுத்தில் பழகிய அரசவைக் கண்ணுக்குப் படம் பேரரசரிடம் தொடங்கி ஞானியிடம் சென்றிருக்கும் என்று கருத இடமுண்டு. வாக்கியமாக்கினால், எழுவாய் ஜஹாங்கீர். ஷேக் நான்காம் வேற்றுமையில் நிற்பவர்.

கொடுக்கும் செயலுக்குள் உயர்வு தாழ்வு ஒளிந்திருப்பதைத் தொல்காப்பியம் நுட்பமாகக் கண்டது. இரக்கும்போது தாழ்ந்தோன் 'ஈ' என்றும், ஒத்தவன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் சொல்வதாக அது வகுக்கிறது. ஒரே செயலுக்கு மூன்று சொற்கள்; சொல்லைத் தேரும்போதே பேசுவோனின் இடம் வெளிப்பட்டுவிடும். ஓவியத்தில் வினைச்சொல் இல்லை. அதன் வேலையை உயரமும் திசையும் விரித்த துணியும் செய்கின்றன. ஷேக் எதையும் கேட்டவராகத் தெரியவில்லை. ஆயினும் ஏந்தும் கையின் பணிவு அவருடையதாகவே தீட்டப்பட்டிருக்கிறது. ஞானியைப் போற்றும் அதே அசைவில், போற்றும் உரிமை தனக்கே என்பதையும் பேரரசு நிலைநாட்டிக்கொள்கிறது.

பின்புலம் இதை மேலும் உறுதிப்படுத்துகிறது. பேரரசரின் தலைக்குப் பின்னே பொன்வட்டமாகச் சூரியனும், அதைத் தழுவிய பிறைநிலவும் உள்ளன. ஜஹாங்கீரின் பட்டப்பெயர் நூருத்தீன், அதாவது மார்க்கத்தின் ஒளி. ஆக, பின்னால் இருப்பது அழகுக்காக வைத்த வட்டம் மட்டுமன்று, பெயரின் காட்சி வடிவம். மேலே பறக்கும் சிறகுக் குழந்தைகளுள் ஒன்று கண்களைப் பொத்திக்கொள்கிறது. அந்த ஒளி தாங்காமல் பொத்திக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம்; கழியும் காலத்தை எண்ணி வருந்துகிறது என்பது மற்றொன்று.

இரண்டாம் விளக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாதபடி கீழே மணற்கடிகை நிற்கிறது. அதன் மணலில் பெரும்பகுதி இறங்கிவிட்டது. அடியில் வேறு இரு சிறகுக் குழந்தைகள், பேரரசரின் ஆட்சி ஆயிரம் ஆண்டு நீடிக்க வேண்டும் என்ற வாழ்த்தைக் கடிகையின்மேல் எழுதுகின்றன. ஹிஜ்ரி ஆயிரமாம் ஆண்டு 1591இல் பிறந்ததை நினைவில் கொண்டிருந்த தலைமுறைக்கு 'ஆயிரம்' வெறும் எண்ணன்று. ஆனால் அந்த வாழ்த்து எழுதப்படும் இடம் எது? தீர்ந்துகொண்டிருக்கும் காலத்தின் உடல். மதுவும் அபினும் தன்னை ஆட்கொண்டதைத் தன் நினைவுக்குறிப்புகளில் ஜஹாங்கீரே மறைக்காமல் எழுதியவர். 1605இல் தொடங்கிய அவருடைய ஆட்சி 1627இல் அவர் இறப்போடு முடிந்தது. படத்தில் அவர் காலத்தின்மேல் அமர்ந்திருக்கிறார். அவர் எடையைத் தாங்கியபடியே மணல் இறங்குகிறது.

படத்தைச் சூழ்ந்த பாரசீக வரிகள், புறத்தே மன்னர்கள் முன் நின்றாலும் பேரரசரின் பார்வை துறவியரிடமே செல்கிறது என்னும் பொருளில் அமைந்தவை. எழுத்து ஞானத்தைப் பேசுகிறது, அமைப்பு அதிகாரத்தைப் பேசுகிறது, பின்புலம் இரண்டின் நிலையாமையையும் பேசுகிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் உண்மையென்றும் மற்றவற்றை வேடமென்றும் கொள்வது அவசர வாசிப்பு. ஜஹாங்கீர் 1613 முதல் 1616 வரை அஜ்மீரில் தங்கியவர். சூஃபியரிடம் அவர் கொண்ட பற்று நடிப்பன்று. பற்றும் செருக்கும் அச்சமும் ஒரே மனத்தில் குடியிருக்க முடியும் என்பதையே மூன்று அடுக்குகளும் சேர்ந்து காட்டுகின்றன.

எஞ்சியிருப்பவர் ஓவியர். ஜேம்ஸின் உருவை அவர் ஓர் ஐரோப்பிய ஓவியத்தின் வழியே பெற்றார். அதனால்தான் முகலாய மரபின் பக்கவாட்டு முகமாக இல்லாமல் அம்மன்னரின் முகம் பாதி திரும்பியிருக்கிறது. தன்னையோ எல்லோருக்கும் கீழே மூலையில் நிறுத்திக்கொண்டார். அவர் கையிலுள்ள சிறு ஓவியத்தில் இரு குதிரைகள், ஒரு யானை, குனிந்து வணங்கும் ஒரு மனிதர். பேரரசர் தந்த பரிசுகளும் அவற்றுக்கான நன்றியும் அதில் அடங்கும் என்பர். பேரரசரின் கால்படும் பீடத்தில் தம் பெயரைப் பொறித்தார். இதைவிடத் தாழ்ந்த இடம் அந்தப் படத்தில் இல்லை. ஆனால் யார் எங்கே நிற்க வேண்டும், மணல் எவ்வளவு இறங்கியிருக்க வேண்டும் என்பவற்றைத் தூரிகையால் வகுத்தவரும் அவரே. அடுத்த முறை இப்படம் வகுப்பறைத் திரையில் தோன்றும்போது, தலைப்பைச் சற்றுநேரம் மறைத்துவைத்துவிட்டு மாணவர்களை முதலில் அந்த மணலைப் பார்க்கச் சொல்லலாம்.