பாதியில் முக்கால்வாசி ஏறும் குமிழ்

சென்னையின் மேற்கு ஓரத்தில் ஒரு புதுக் கல்யாண மண்டபம். தை மாத முகூர்த்தங்கள் பதிவாகிவிட்டன. ஏசி ஓடுகிறது, சரவிளக்கு எரிகிறது. டைனிங் ஹால் சுவரில் பதித்திருக்கும் கறுப்புக் குமிழ் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. பாதி திருகுவதற்குள் பாட்டுச் சத்தம் முக்கால்வாசி ஏறிவிடுகிறது. மிச்சப் பாதியைத் திருகினால் பெரிய மாற்றம் இல்லை. பந்தியில் ரசம் கேட்கிற குரல் பரிமாறுகிறவர் காதில் விழ வேண்டுமே என்பது மேனேஜரின் கவலை. நண்பர் ஒருவரின் அறிமுகத்தில், அதைச் சரிசெய்ய வந்தவரோடு நாமும் போயிருந்தோம்.

அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அண்ணா சாலைக்குப் பின்னால் ரிச்சி தெருவில், ஒரு மாடிப்படிக்கு அடியில் மேசையும் சால்டரிங் அயர்னும் போட்டிருக்கிறார். அதுதான் கடை. “பேர் போட்டுடாதீங்க சார், அடுத்த வேலை வராது” என்று வண்டியிலேயே சொல்லிவிட்டார்.

மண்டபத்தின் பின்னறையில் ஆளுயர ரேக். ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவே டி.எஸ்.பி. (டிஜிட்டல் சிக்னல் பிராசசர்) என்று எல்லோரும் சொல்லும் பெட்டி. ஈக்வலைசர், கிராஸ்ஓவர், டிலே, மிக்சர் என்று முன்பு தனித்தனியாக அடுக்கியவை எல்லாம் இப்போது இதற்குள் மென்பொருளாக அடங்கிவிட்டன. அமெரிக்காவின் பீவி நிறுவனம் 1993-ல் மீடியாமேட்ரிக்ஸ் என்ற இத்தகைய அமைப்பைக் கொண்டுவந்த காலத்திலிருந்து பெரிய அரங்குகள் இந்தப் பக்கம் திரும்பின. மைக்கையும் ஸ்பீக்கரையும் பார்க்க வேறு ஆட்கள் உண்டு. நம்மவரின் இடம் பெட்டியின் முதுகு. அங்கே பச்சைக் கனெக்டர்கள் வரிசையாகச் செருகியிருக்கும் கன்ட்ரோல் போர்ட். பி.எஸ்.எஸ். நிறுவனத்தின் சவுண்ட்வெப் லண்டன் வரிசையில் பல பெட்டிகளுக்கு இப்படி 12 உள்ளீடுகளும் 6 லாஜிக் வெளியீடுகளும் இருக்கின்றன. இவற்றின் வழியே பாட்டு போகாது, பேச்சும் போகாது. சின்ன மின்னழுத்தம் மட்டும் போகும். சுவிட்ச் போட்டிருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் அது லாஜிக். எவ்வளவு திருகியிருக்கிறது என்று பார்த்தால் அனலாக். ஒரே பின் இரண்டு வேலையும் செய்யும். எதைச் செய்ய வேண்டும் என்று மென்பொருளில் சொல்லிவைக்க வேண்டும்.

குமிழுக்குப் பின்னால் இருப்பது 10 கிலோ ஓம் பாட், அதாவது பொட்டென்ஷியோமீட்டர். அதற்கு மூன்று கால். மூன்றுக்கும் வயர் இழுத்தால் ஒரு முனையில் பெட்டி தரும் வோல்டேஜ், மறுமுனையில் கிரவுண்ட், நடுக்காலில் திருகிய அளவுக்கு வோல்டேஜ். பாதி திருகினால் பாதிதான் வரும். இந்த மண்டபத்தில் வயரிங் செய்தவர்கள் இரண்டு வயரோடு நிறுத்திவிட்டார்கள். அதுவும் தப்பில்லை, அதற்கும் பெட்டியில் வழி இருக்கிறது: உள்ளேயிருந்து 5 வோல்ட், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வந்து பாட்டைச் சந்திக்கும். ஆனால் கணக்கு மாறிவிடும். முழுக்கத் திருகினால் 3.4 வோல்ட். பாதி திருகினால் 1.7 வர வேண்டும் அல்லவா? வருவது ஏறக்குறைய 2.6. மேனேஜர் பட்ட தொல்லையெல்லாம் இந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறது.

அவர் பேனாவை எடுக்கவில்லை. மல்ட்டிமீட்டரை வைத்து மூன்று இடத்தில் திருகிப் பார்த்தார். “டூ வயர்” என்றார், அவ்வளவுதான். கூரைக்குள் ஓடும் கேட் 6 கேபிளில் நான்கு ஜோடி வயர். மூன்று ஜோடி சும்மா கிடந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பாட்டின் மூன்றாவது காலில் சால்டர் வைத்து, மறுமுனையைப் பச்சைக் கனெக்டரில் திருகினார். திருகில் மாட்டும் முனைக்கு ஈயம் பூசவில்லை. பூசினால் ஈயம் நாளடைவில் நசுங்கிப் பிடி தளர்ந்துவிடுமாம்.

இனி பெட்டியை மூன்று வயர் நிலைக்கு மாற்ற வேண்டும். அதற்கு லேப்டாப்பும் பாஸ்வேர்டும் வேண்டும். இரண்டும் அவரிடம் இல்லை. பெங்களூரில் இருக்கும் இன்ஜினியர் இணையம் வழியாக உள்ளே வர வேண்டும். அவர் வேறு மீட்டிங்கில் இருந்தார்.

காத்திருந்த நேரத்தில், யாரும் கேட்காமலே நம்மவர் இன்னொரு வயரைப் பார்த்தார். தீ எச்சரிக்கை பேனலிலிருந்து இந்தப் போர்ட்டுக்கு வரும் ஜோடி அது. அலாரம் அடித்தால் பாட்டு, மேளம், மேடை மைக் எல்லாம் அடங்கி, வெளியேறச் சொல்லும் அறிவிப்பு காதில் விழ வேண்டும். ஹாலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அந்தக் கனெக்டரைச் சட்டென்று உருவினார். பாட்டு நிற்கவில்லை. நமக்கு அது நல்லதாகத்தான் பட்டது.

“நிக்கணும் சார்” என்றார். பேனலின் ரிலேயில் காமன், என்.ஓ. (நார்மலி ஓப்பன்), என்.சி. (நார்மலி க்ளோஸ்டு) என்று மூன்று திருகுகள். இங்கே இருப்பதுபோல என்.ஓ.வில் கட்டினால், தீ வரும்போது சுற்று மூடும்; பெட்டி மியூட் ஆகும். நடுவில் எலி வயரைக் கடித்துவிட்டால்? அப்புறம் தீயே வந்தாலும் பெட்டிக்குச் சேதி போகாது. அதற்குத் தீ இல்லை என்பதும் ஒன்றுதான், வயர் இல்லை என்பதும் ஒன்றுதான். என்.சி.யில் கட்டினால் எப்போதும் சுற்று மூடியிருக்கும். தீ வந்தாலும் திறக்கும், எலி வந்தாலும் திறக்கும். வயர் போன சங்கதி அன்றைக்கே தெரிந்துவிடும்.

மேனேஜர் பதறிப்போனார். “தாலி கட்டுற நேரத்துல எலி கடிச்சா கெட்டிமேளம் நின்னுடுமே!”

“நாயனக்காரர் ஊதுறத எலி நிறுத்துமா சார்? மைக்தான நிக்கும்.”

மேனேஜர் சிரிக்கவில்லை. முதலாளியைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நம்மவரின் பையில் மீட்டரைவிட முக்கியமானது ஒரு பழைய சோப்பு டப்பா. மூடியில் ஓட்டை போட்டு ஒரு பாட், ஒரு புஷ் பட்டன், ஒரு டாகிள் சுவிட்ச், இரண்டு எல்.இ.டி. பொருத்தியிருக்கிறார். பக்கவாட்டில் முதலை கிளிப்புகள் தொங்குகின்றன. கட்டடத்தின் வயரைக் கழற்றிவிட்டு இந்த டப்பாவைப் போர்ட்டில் மாட்டுவார். டப்பாவில் திருகினால் சத்தம் ஒழுங்காக ஏறி இறங்குகிறதா? அப்படியானால் கோளாறு சுவருக்குள், இல்லையென்றால் மென்பொருளில். பெட்டி விற்றவரும் வயர் இழுத்தவரும் புரோகிராம் எழுதியவரும் ஒருவரையொருவர் கைகாட்டும் சண்டையை இந்த டப்பா கொஞ்ச நேரத்தில் தீர்த்துவைக்கும். பாட்டின் முதுகில் பி10கே என்று பொறித்திருக்கிறது. ஏ என்றிருந்தால் அவர் வாங்க மாட்டார். ஏ என்பது லாக் வகை, ஒலியே நேராக ஓடும் பழைய ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றது. இங்கே டெசிபல் கணக்கைப் பெட்டியே போட்டுக்கொள்கிறது. லாக் பாட்டும் சேர்ந்தால் ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டதாகிவிடும். இப்படி ஒரு டப்பாவைப் பெரிய நிறுவனங்களின் விலைப்பட்டியலில் தேடினால் கிடைக்குமா என்று கேட்டோம். “எதுக்குத் தேடணும்?” என்றார்.

வெளியீட்டுப் பக்கம் கொஞ்சம் சுலபம். எல்.இ.டி.யை நேராகவே எரிக்கலாம். ரிலே என்றால் இடையில் டிரான்சிஸ்டர் வேண்டும்: 12 வோல்ட் சுகர் கியூப் ரிலே 30 மில்லி ஆம்பியர் கேட்கும், பெட்டி 10-க்கு மேல் தராது. காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு தலைகீழாக. அது இல்லாமல் செத்த போர்ட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறாராம்.

அவருக்குச் சொந்த ஊர் ஆரணிப் பக்கம். பள்ளிக்கூடம் விட்டதும் மைக் செட் கடையில் எடுபிடி. ஆடியில் கூழ் வார்க்கும்போது புளியமரத்தில் ஏறிக் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார். நாட்டாமை மைக்கைப் பிடித்ததும் பாட்டைக் குறைப்பது, பேசி முடித்ததும் ஏற்றுவது அவர் பொறுப்பு. “இப்ப அத இந்தப் பொட்டி செய்யுது. டக்கிங்னு பேரு. அப்போ அதுக்குப் பேரு நான்தான்.” 2000-ல் ஒலி மாசு விதிகள் வந்து, இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று ஆனது. விடிய விடிய மைக் கட்டிய பிழைப்பு சுருங்கியது. சென்னைக்கு வந்தார். ஆம்ப்ளிஃபயர் போர்டுக்குச் சால்டர் வைத்தார். பிறகு யாரோ ஒரு ஆங்கிலக் கையேட்டைக் கொடுத்து, படத்தைப் பார்த்து வயரிங் பண்ணச் சொன்னார்கள். இன்றும் படத்தைத்தான் முதலில் பார்க்கிறார்.

இப்போது கூலிக் கதை. கட்டட கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஆடியோ கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே லேபர் கான்ட்ராக்டர், அதற்கும் கீழே நம்மவர். பில்லில் புரோகிராமிங்குக்குத் தனி வரி, கமிஷனிங்குக்குத் தனி வரி. எந்தப் பின்னில் எந்த வயர் என்று கண்டுபிடிக்கும் வேலைக்கு வரி கிடையாது; அது ‘லேபர்’ என்ற சொல்லுக்குள் கரைந்துவிடுகிறது. பாஸ்வேர்டை ஆடியோ கான்ட்ராக்டர் கையில் வைத்துக்கொள்கிறார், வருடாந்திரப் பராமரிப்பு வேறெங்கும் போய்விடக் கூடாது என்பதற்காக. மண்டபக்காரர் காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்கு மண்டபக்காரரிடமே சாவி இல்லை. இதைத் திறமை என்று சொல்கிறார்கள். பூட்டைப் போட்டுவிட்டுச் சாவிக்கு வாடகை வாங்குவது என்ன திறமையோ!

சாயங்காலம் இன்ஜினியர் திரையில் வந்தார். இளைஞர், மரியாதையானவர். “அண்ணா, எத்தனாவது பின்?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத்தான் மாற்றினார். கட்டங்களும் கோடுகளுமாக நகர்ந்த அந்தப் பகுதி நமக்குப் பிடிபடவில்லை. குமிழ் பாதிக்குப் பாதி ஏறியது என்பது மட்டும் காதுக்குத் தெரிந்தது.

தீ வயர் பற்றி முதலாளி போனில் தீர்ப்புச் சொன்னார்: ஆய்வுக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், இனி அதில் கை வைக்க வேண்டாம். நம்மவர் வாதாடவில்லை. ரேக் கதவின் உள்பக்கம் மார்க்கரால் ‘தீ வயர் – என்.ஓ. – அறுந்தால் தெரியாது’ என்று எழுதி, தேதி போட்டு, போட்டோ எடுத்து ஆடியோ கான்ட்ராக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். “நாளைக்கு ஒண்ணுன்னா என் தலையிலதான் விழும் சார்.”

கூலி பேசும்போது கான்ட்ராக்டரின் ஆள் கேட்டார்: “ஒரு வயர்தானண்ணா மாத்துனீங்க, அதுக்கு ஒரு நாள் கூலியா?” கொஞ்ச நேரம் இழுபறி. கடைசியில் அரை நாள் கூலியும் ஆட்டோ காசும் என்று முடிந்தது.