சாய்த்து நட்ட கொடிகள்

ஜப்பானின் ஹொக்கைடோவில், ஒதாருவிலிருந்து யோய்ச்சிக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இறங்கிய கூட்டம் நிக்கா விஸ்கி ஆலையின் கல் வாசலை நோக்கி நடந்தது. 1934-இல் தொடங்கிய ஆலை, பார்க்க வேண்டியதுதான். நான் வந்தது ஊருக்கு வெளியே மேட்டுச் சரிவில் இருக்கும் பினோ நுவார் திராட்சைத் தோட்டங்களுக்காக.

நவம்பர் தொடக்கம். அறுவடை முடிந்து, இலைகள் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தன. கொடிகளின் அடித்தண்டுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. கடற்காற்று செய்த வேலைபோல் தோன்றும். ஆனால் நடும்போதே சாய்த்துத்தான் நடுகிறார்கள். கவாத்து செய்து, கம்பியிலிருந்து அவிழ்த்துத் தரையோடு படுக்க வைத்தால், ஹொக்கைடோவின் பனி அவற்றின்மேல் கனமாக மூடிக்கொள்ளும். வெளியே வெப்பம் உறைநிலைக்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் பனிக்கடியில் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும், மொட்டுகள் பிழைக்கும். வசந்தம் வந்ததும் ஒவ்வொரு கொடியையும் தூக்கிக் கட்ட வேண்டும். ஏக்கர் கணக்கில் இதைச் செய்வதை நினைத்தாலே எனக்கு முதுகு வலித்தது.

ஜப்பானில் ஐரோப்பியத் திராட்சையின் பெரிய எதிரி குளிரல்ல, ஈரம். கோடை மழை, புயல், பிறகு பூஞ்சை. 1890-இல் நீகாதாவில் இவானோஹரா தோட்டத்தை நிறுவிய கவகாமி ஜென்பெய், ஜப்பானின் ஈரத்தைத் தாங்கும் கொடி வேண்டும் என்று ரகங்களைக் கலந்து கலந்து பார்த்தார். 1927-இல் அவர் செய்த கலப்பில் பிறந்ததுதான் மஸ்கட் பெய்லி ஏ. ஹொக்கைடோவுக்கு அந்த மழைக்காலம் அவ்வளவாக எட்டுவதில்லை. அதனால்தான் பினோ நுவார் போன்ற மெல்லிய தோல்காரனுக்கு இங்கே இடம் கிடைத்தது.

தகாஹிகோ சோகா 2010-இல் இங்கே தொடங்கிய ஒயினகம் இன்று உலகம் அறிந்த பெயர். நாகானோவின் ஒபுசெவில் ஒயின் தயாரிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் குடும்ப ஒயினகம் அண்ணன் கையில். தம்பி கொத்துகளைக் காம்போடு தொட்டியில் போட்டு, ஈஸ்ட் எதுவும் சேர்க்காமல், பழத்தோலில் இருப்பதைக் கொண்டே புளிக்கவிடுகிறார்.

இப்படிப் புளிக்கவிட்டதை ‘இயற்கை ஒயின்’ என்று அழைப்பதில் எனக்கு என்றுமே கொஞ்சம் சந்தேகம்தான்; விளம்பரக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த சொல். மருந்தே தொடாத தோட்டம் என்று அதற்குப் பொருளும் இல்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை இயற்கை விவசாய விதிகளே அனுமதிக்கின்றன. களைக்கொல்லி கிடையாது என்றால் மனிதர்தான் புல் வெட்ட வேண்டும்.

மாலையில் ஒரு சிறு உணவகத்தில் உள்ளூர் பினோ நுவார் ஒரு கோப்பை கிடைத்தது. வெளிறிய சிவப்பு. காளானும் மழையில் ஊறிய சருகும் கலந்த வாசனை. பழத்தின் இனிப்பைத் தேடுகிறவர் ஏமாந்துபோவார். கொம்பு கடற்பாசியில் எடுத்த தெளிந்த சாற்றோடு குடித்தபோது, இரண்டும் ஒரே வீட்டுச் சமையல்போல் சேர்ந்தன.

இத்தனை சிறு தோட்டங்கள் இங்கே முளைத்ததற்கு மண்ணும் பனியும் மட்டும் காரணமல்ல. பழ ஒயின் உரிமத்துக்கு ஆண்டுக்கு 6,000 லிட்டராவது தயாரிக்க வேண்டும் என்பது ஜப்பானின் விதி. யோய்ச்சி 2011-இல் ஒயின் சிறப்பு மண்டலமானதும் அது 2,000 லிட்டராகக் குறைந்தது. அந்த அளவென்றால் கணவனும் மனைவியுமே கவாத்திலிருந்து புட்டியில் அடைப்பதுவரை பார்த்துக்கொள்ளலாம். சோகாவிடம் வேலை கற்ற சிலரும் இப்போது அக்கம்பக்கத்திலேயே சொந்தமாகக் கொடி நட்டிருக்கிறார்கள்.