வேலை இருக்கு, சான்றிதழ் இல்லை

அம்பத்தூர், ஆவடி பக்கம் ஆசிரியர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இப்போது 'டெட்' எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றிய பேச்சுதான். எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுப்பவர்களில், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டாண்டுக்குள் இந்தத் தேர்வில் தேறியாக வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்றவர்களும் பதவி உயர்வு கேட்டால் தேறணும்.

இன்னொரு பக்கம், இதே தேர்வில் 2013இல் தேறியும் வேலைக்குக் காத்திருப்பவர்கள். ஏழாண்டுதான் செல்லும் என்றிருந்த சான்றிதழ் 2021இல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்றானது. ஆனால் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு என்கிறது 2018ஆம் ஆண்டின் அரசாணை 149.

வேலை இருப்பவரிடம் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இருப்பவருக்கு வேலை இல்லை.

சீனியர் டீச்சர்களே, தேர்ச்சி பெற்றுக் காத்திருக்கும் தம்பி தங்கைகள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். கூச்சப்படாமல் அவர்களோடு உட்கார்ந்து படியுங்கள். அவர்களுடைய நியமனத்துக்காகவும் நீங்கள் குரல் கொடுங்கள்.