ஆண்டா, பக்கமா?

என் தாத்தா பால்மரம் வெட்டியவர். மரத்தின் வயதைக் கேட்டால் ஆண்டைச் சொல்லமாட்டார், "பட்டை எவ்வளவு மிச்சமிருக்கு?" என்றுதான் பார்ப்பார்.

அதன் பொருள், அம்பாங்கானில் நான் பகுதிநேரமாக வேலை செய்த போட்டோஸ்டாட் கடையில்தான் விளங்கியது. எட்டு ஆண்டுப் பழைய இயந்திரம் தாள்களை இரண்டு மூன்றாக இழுத்துச் சிக்கவைத்தது. தேர்வு நேரம், மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். "பழசு, தூக்கிப் போடுவோம்" என்றார் முதலாளி. பழுதுபார்க்க வந்த அண்ணனோ வயதைக் கேட்கவில்லை. உள்ளிருக்கும் எண்ணியைப் பார்த்தார். தேய்ந்திருந்தது தாளிழுக்கும் ரப்பர் உருளை மட்டுமே! மாற்றியதும் ஓடியது.

நகல் இயந்திரத்தின் ஆயுள் பக்கக் கணக்கு. 1959இல் வந்த ஜெராக்ஸ் 914க்கு வாடகைகூட எடுத்த பக்கங்களைப் பொறுத்தே அமைந்தது. உருளை, டிரம், மைத்தூளைச் சூட்டில் ஒட்டவைக்கும் பகுதி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆயுள். நம் ஈரக்காற்றில் பிரித்துவைத்த தாளும் ஈரம் இழுத்துச் சிக்கும்; அது இயந்திரத்தின் குற்றமன்று. உதிரிப்பாகம் கிடைக்காத நாளே அதன் கடைசி நாள்.

தாத்தாவை 55 வயதில் தோட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். அதன்பின் 15 ஆண்டுகள் காய்கறி பயிரிட்டு எங்களைப் படிக்கவைத்தார். அவருடைய எண்ணியை யாரும் பார்க்கவில்லை.