அணைக்க முடியாத கரண்ட்

திருத்தங்கல் பக்கம் ஒரு மொட்டைமாடி. காலை பத்தரைக்கே தரை சுட்டது. சோலார் வேலை கற்க வந்திருந்த பதினொரு பேரும் வயரிங்கில் கை தேர்ந்தவர்கள். எல்லோர் சட்டைப்பையிலும் டெஸ்டர்.

"வீட்டு வேலையில கை வைக்கிறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?" என்று கேட்டார் பயிற்றுநர்.

"மெயினை ஆஃப் பண்ணுவோம் சார்."

அவர் வானத்தைக் காட்டினார். "இதுக்கு மெயின் அங்க இருக்கு."

அன்றைய பாடம் முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நடந்தது. 540 வாட் பேனல் ஒன்றில் வெயில் பட்டால் ஏறத்தாழ 49 வோல்ட். பத்தைத் தொடராகக் கோத்தால் 490. இன்வர்ட்டரை அணைத்தாலும், ஐசொலேட்டர் என்ற துண்டிப்பு சுவிட்சைப் பிரித்தாலும், பேனலிலிருந்து அதுவரை வரும் வயரில் அந்த வோல்டேஜ் அப்படியே நிற்கும். வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் ஒரு நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. அதனால் சுவிட்சில் எழும் பொறி தானே அடங்கிவிடும். பேனல் தரும் டிசிக்கு அந்த இறக்கம் இல்லை. கரண்ட் ஓடும்போது கனெக்டரை இழுத்துப் பிரித்தால் பொறி அறுபடாமல் நீண்டு எரியும். டெஸ்டரையும் நம்பக்கூடாது: அது எரியாத வயரிலும் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் இருக்கலாம். டிசி அளக்கும் மீட்டர்தான் வேண்டும். இருபது வருடம் வேலை பார்த்த ஒரு அண்ணன் தன் டெஸ்டரைக் கையில் எடுத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாத்தூரிலிருந்து வந்த இளைஞனுக்கு மட்டும் இது புதிதாகப் படவில்லை. அவன் அம்மா பட்டாசு ஆபீஸில் திரி வேலை பார்க்கிறார். மருந்து புழங்கும் அறைக்குள் மின்விளக்கு கிடையாது, பகல் வெளிச்சத்தில்தான் வேலை. இரும்புச் சாமான் ஆகாது. காய வைப்பதற்கும் வெயில்தான். "பொறி வந்தப்புறம் யோசிக்க நேரம் இருக்காதுன்னு அம்மா சொல்லும் சார்" என்றான். பொறிக்கு அஞ்சி வாழும் இந்த மண்ணின் பிள்ளைகள் இத்தொழிலுக்குக் கொண்டுவரும் பெரிய சொத்து அந்த அச்சம்தான் என்று நினைக்கிறேன். 2012-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தைப் பார்த்த ஊர்ப்பக்கம் இது.

வெயில் கூடினால் கரண்ட் கூடும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். வெளிச்சம் வேறு, சூடு வேறு. பேனலின் திறனை 25 டிகிரியில் கணக்கிடுகிறார்கள். விருதுநகர் வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொட்டால் எட்டில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். அதனால்தான் தளத்தோடு ஒட்டாமல், அடியில் காற்றோட இடம் விட்டு, தெற்குப் பார்த்து ஏறக்குறைய பத்து டிகிரி சாய்த்து நிறுத்துகிறார்கள்.

பக்கத்து மாவட்டத்துக் கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட் சூரியமின் நிலையம் வந்துவிட்டது. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறிவைக்கிறது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மத்திய மானியம். இத்தனை மாடிகளிலும் ஏறப்போகிறவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. சோலார் வேலைக்கென்று 2015-ல் வந்த சூரியமித்ரா பயிற்சிக்கு 600 மணி நேரம் வகுத்தார்கள். அவசரத்தில் இரண்டு நாள் கூடவே நின்று பார்த்தவனையும் மாடியேற்றிவிடுவது கொடுமை. இடுப்புப் பட்டையை எங்கே கொக்கி போட வேண்டும் என்று கற்கவே அன்று ஒரு மணி நேரம் ஆனது.

பிற்பகலில் ஒரு பேனலைக் கழற்ற வேண்டியிருந்தது. முதலில் இன்வர்ட்டர், பிறகு ஐசொலேட்டர். சாத்தூர்த் தம்பி தடித்த கறுப்புத் தார்ப்பாயை விரித்துப் பேனல்களை மூடினான். மீட்டரில் எண் சரசரவென்று இறங்கியது. கையுறையை மட்டும் அவன் கழற்றவில்லை.